மேகத்தைத் தேடிய காமிரா

திரைப்படம் பார்த்துத் திரும்புகையில் நடிகரின் பெயரைச் சொல்கிறோம். இயக்குநரின் பெயரைச் சிலர் சொல்வர். காமிராவுக்குப் பின்னால் நின்றவரை நினைப்போர் மிகச் சிலரே. அக்காமிராவோடு வானில் பறந்தவரை நினைப்போர் யார்? அத்தகையோருள் ஒருவரான எல்மர் டயரின் பணியை இங்கு மதிப்பிட விழைகிறோம்.

1892இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த டயர், ஹோவர்ட் ஹியூஸ் 1930இல் வெளியிட்ட ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தின் வான்காட்சிகளை எடுத்த குழுவில் இருந்தார். தெளிந்த நீலவானில் பறக்கும் விமானம் திரையில் அசையாது நிற்பதுபோல் தோன்றும். தாதரிலிருந்து மாட்டுங்காவுக்கு மின்வண்டியில் செல்லும் நாம், ஓரத்துக் கம்பங்கள் பின்னோடுவதைக் கண்டே வேகத்தை உணர்கிறோம். வானத்தில் அக்கம்பங்களின் வேலையைச் செய்வது மேகம். ஆதலால் மேகம் திரளும்வரை படப்பிடிப்புக் காத்திருந்தது. 1927இல் வெளிவந்த ‘விங்ஸ்’ படத்தாரும் இவ்வாறே காத்திருந்தனர்.

‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தின் வான்போர் இன்றும் நம்மை மூச்சடைக்கச் செய்கிறது. ஆயினும் அதன் காதற்கதை உள்ளத்தில் நிற்பதில்லை. விமானம் எரிந்து வீழ்கையில் வியக்கிறோமேயன்றி வருந்துவதில்லை. அப்படப்பிடிப்பில் விமானிகள் மூவரும் மெக்கானிக் ஒருவரும் உண்மையிலேயே உயிர் நீத்தனர் என்பதை எண்ணும்போது, அவ்வியப்பும் நம்மை உறுத்துகிறது.

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘ஏர் ஃபோர்ஸ்’ (1943) வேறு வகையினது. ஒரு குண்டுவீச்சு விமானத்தின் பணியாளர்களை முதலில் நாம் அறிந்துகொள்கிறோம். பின்னர் டயரின் காமிரா அவ்விமானத்தைத் தொலைவிலிருந்து காட்டினும், அது வெறும் இயந்திரமாகத் தோன்றுவதில்லை. அதனுள் நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கலைஞரின் திறன் ஒன்றே; உள்ளே இருப்போரை நாம் அறிவதனால் காட்சியின் பொருள் ஆழமாகிறது.

முந்தைய படத்தின் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிந்துரையில் காடியோ, பெர்ரி ஆகிய இருவர் பெயரே இடம்பெற்றது. டயரின் பெயர் ‘ஏர் ஃபோர்ஸ்’ படத்திற்காக ஜேம்ஸ் வோங் ஹோ, சார்லஸ் மார்ஷல் ஆகியோருடன் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1970இல் அவர் மறைந்தார்.

இன்று ட்ரோன் எளிதாக வானேறுகிறது. 2008இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ முதலாகத் தாராவியை உலகம் மேலிருந்தே மிகுதியும் பார்த்திருக்கிறது. தெரிவன நெருங்கிய கூரைகள். அவற்றின் கீழே தோல் பதனிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த திருநெல்வேலிக் குடும்பங்களும், விடியுமுன் இட்டிலி அவித்துக் கூடையில் சுமந்து செல்வோரும் அக்காட்சியில் தெரிவதில்லை. உயரம் குற்றமன்று. கூரைக்குக் கீழே இருப்போரை அறியாமல் உயரச் செல்வதே குற்றம் என்பது நம் துணிபு.