நெகிழியும் பிசிறும்: ஒரு கலைச்சொல் விவகாரம்

‘நெகிழி’ என்ற சொல்லை நான் எங்கெல்லாம் பார்க்கிறேன் என்று யோசித்தால், பெரும்பாலும் தடைப் பலகைகளில்தான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பிறகு பேருந்து நிலையம், கோயில் வாசல், மலைப்பாதைச் சோதனைச் சாவடி என எங்கும் நெகிழியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கடையில் குடம் வாங்கினால் பில்லில் இருப்பது பிளாஸ்டிக் குடம். சுவரில் ஒட்டியிருக்கும் ‘ஆட்கள் தேவை’ தாளில் பிளாஸ்டிக் கம்பெனி. ஆக, செய்யும்போதும் விற்கும்போதும் பிளாஸ்டிக், குப்பையில் போடும்போது நெகிழி. ஒரு பொருளுக்கு இரண்டு குறிப்பான்கள் இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. தமிழ்க் குறிப்பான் மட்டும் ஏன் குப்பைத்தொட்டி அருகில் போய் நிற்கிறது என்பதே என் கேள்வி.

சொல்லின் மேல் குற்றமில்லை. பிளாஸ்டிக் என்பதன் கிரேக்க மூலத்துக்கு, உருவம் கொடுக்கத் தக்கது என்று பொருள். நெகிழ் என்ற வினையடி அந்தப் பண்புக்கு வெகு அருகில் நிற்கிறது. அகப்பாடல்களில் பிரிவால் மெலிந்தவளின் கையில் வளை நெகிழும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் ‘ஞெகிழி’ கிடைக்கும். அதற்குக் கொள்ளிக்கட்டை என்று பொருள். தெருமுனையில் பிளாஸ்டிக் எரிவதைப் பார்க்கிற எவருக்கும் இந்தத் தற்செயல் பிடித்துப்போகும். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கேட்கவே வேண்டாம். இப்படிப் புளகாங்கிதம் அடைந்து திரிந்தவர்களில் நானும் ஒருவன். அது எங்கே உடைந்தது என்று சொல்ல வேண்டும்.

எம்.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு வருடம், சென்னைக்கு மேற்கே ஒரு தொழிற்பேட்டையில், ஐந்து மெஷின் கொண்ட இஞ்செக்‌ஷன் மோல்டிங் யூனிட்டில் ஸ்டோர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்காக: அரிசிக் குருணை மாதிரியான பிளாஸ்டிக் மணிகளை மேலே ஹாப்பரில் கொட்டுகிறார்கள். அது கீழே சூடான பேரலுக்குள் இறங்குகிறது. உள்ளே ஸ்க்ரூ சுழன்று அதை உருக்கி முன்னால் தள்ளுகிறது. நாசில் வழியாக டைக்குள் பாய்ந்து, ஆறி, டை திறந்ததும் பொருள் விழுகிறது. இதற்கு ஒரு ஷாட் என்று பெயர். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கில் ஷாட் விழும்.

எங்கள் யூனிட்டில் பி.வி.சி. பைப் ஃபிட்டிங்கும் ஓடும், அசிட்டால் பல்சக்கரமும் ஓடும். அசிட்டால் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, டெல்ரின் என்ற பிராண்டு பெயர்தான். இரண்டும் தனித்தனியே ஓடுகிறவரை பெரிய தொந்தரவில்லை. பி.வி.சி. அளவுக்கு மீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவிடும். அந்த அமிலம் பட்டால் அசிட்டால் வேகமாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவாகும். மூடிய பேரலுக்குள் அந்த வாயு அழுத்தம் ஏற்றி, உருகிய பிளாஸ்டிக்கை நாசில் வழியே பீய்ச்சியடிக்கவும் கூடும். ஒரு இரவு ஷிப்டில், பி.வி.சி. ஓட்டிய பேரலைச் சரியாகக் கழுவாமல் டெல்ரினைக் கொட்டிவிட்டார்கள். கண்ணெரிச்சலில் எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஹெல்ப்பர் பையன் ஒருவனுக்கு முழங்கை வரை வெந்துபோனது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நீதான் தமிழ் படிச்சவனாச்சே, ஒரு போர்டு எழுதிக் குடுப்பா.” எழுதினேன். இன்றும் மனப்பாடமாக இருக்கிறது: ‘பாலிவினைல் குளோரைடின் வெப்பச் சிதைவினால் வெளிப்படும் அமிலம் அசிட்டால் பலபடியின் சிதைவை ஊக்குவிக்கும். எனவே உருளை முற்றிலும் தூய்மையாக்கப்பட்ட பின்னரே மாற்று மூலப்பொருள் இடப்படுதல் வேண்டும்.’ தகவல் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. பத்து நாளில் அதன் ஆணியில் யாரோ சட்டை மாட்டியிருந்தார்கள். சீனியர் ஆபரேட்டர் அண்ணன் ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்: “தம்பி, அதுல உருளைன்னு போட்டிருக்கியே, எது? கேஸ் சிலிண்டரா?”

அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் வீட்டு கேஸ் புத்தகத்தில் எரிவாயு உருளை என்றுதான் அச்சடித்திருந்தது. என் உருளை அவருக்கு வேறொரு ஆபத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவரே மெஷின் கதவில் சாக்பீஸால் எழுதினார்: ‘பி.வி.சி. ஓட்டின பேரல்ல டெல்ரின் போடாதே. நடுவுல பி.பி. போட்டுத் தள்ளு. சுத்தமா வர்ற வரைக்கும் தள்ளு. கண்ணு எரிஞ்சா ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு வெளிய ஓடு.’

இந்த இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்குச் சில வருடம் பிடித்தது. என் பிரதியில் மனிதர்களே இல்லை. சிதைவு நடக்கிறது, அமிலம் வெளிப்படுகிறது, மூலப்பொருள் இடப்படுகிறது. யார் இடுகிறார்கள் என்பதற்கு எழுவாய் கிடையாது. எல்லா வினையையும் பெயராக்கி, மிஞ்சியதைச் செயப்பாட்டில் தள்ளியிருக்கிறேன். பல்கலைக்கழகம் எனக்குக் கற்றுக்கொடுத்த ‘அறிவியல் நடை’ இதுதான். அவருடைய பிரதியில் முன்னிலை இருக்கிறது, வரிசை இருக்கிறது, எப்போது நிறுத்துவது என்பது இருக்கிறது. நான் நினைத்துக்கூடப் பார்க்காத கடைசி வரியும் இருக்கிறது: ஓடு. மெஷினைவிட ஆள் முக்கியம் என்பது அந்த ஒற்றை ஏவலில்தான் வருகிறது. முதலாளி கேட்ட போர்டில் அது வந்திருக்காது.

தமிழில் கலைச்சொல்லாக்கத்தின் கதை நீண்டது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் இதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிப் பக்கம் சாய்ந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் பள்ளியில் வேதியியலைத் தமிழில் படித்திருக்க முடியாது. ஆனால் எல்லாத் தரப்பும் சண்டையிட்டது சொல் எந்த மொழியிலிருந்து வர வேண்டும் என்பதற்காக. யாருடைய வாயிலிருந்து என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. பாலிமருக்குப் பல்லுறுப்பி, பலபடி என்று நாமும், பல்பகுதியம் என்று இலங்கையிலும் சொல்கிறோம். கிரேக்கத்துக்கு நேர் மொழிபெயர்ப்பு பல்பகுதியம்தான். எனக்குப் பலபடி பிடிக்கும். படி என்றால் பிரதி என்றும் பொருள், ஒரே அலகு திரும்பத் திரும்ப வருவதை அது சொல்லிவிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை. 1833இல் பெர்சீலியஸ் பாலிமர் என்ற சொல்லை உண்டாக்கியபோது இன்று நாம் சொல்லும் நீண்ட சங்கிலி அவர் மனதில் இல்லை. அந்தக் கருத்தை ஸ்டௌடிங்கர் 1920இல்தான் முன்வைத்தார். சொல் முதலில் வந்தது, பொருள் பின்னால் வந்து குடியேறியது.

பார்த்தும் பிளாஸ்டிக் பற்றி எழுதியிருக்கிறார், 1957இல் வந்த ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பில். நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் அவர் பெயர் அடிபட்ட அளவுக்கு இந்தச் சின்னக் கட்டுரை பேசப்பட்டதாக நினைவில்லை. ஒரு கண்காட்சியில் மெஷினைப் பார்த்துவிட்டு, இந்தப் பொருட்களின் பெயர்கள் கிரேக்க ஆட்டிடையர்களின் பெயர்கள் மாதிரி இருக்கின்றன என்று கேலி செய்கிறார். மெஷின் அருகே தொப்பி போட்ட ஓர் ஆளும் நிற்கிறார். பாதி தெய்வமாகவும் பாதி எந்திரமாகவும் அவரைப் பார்த்துவிட்டு பார்த் நகர்ந்துவிடுகிறார். அந்த ஆள் மெஷினை என்ன சொல்லித் திட்டினார் என்பது கட்டுரையில் இல்லை. குறியியல் காதை மூடிக்கொண்ட இடம் அது. அவரைச் சொல்வானேன், நானும் அதே இடத்தில்தான் போர்டும் கையுமாக நின்றேன்.

ஆங்கிலம் இந்தப் பெயர்களை எங்கே எடுத்தது? ஸ்ப்ரூ உலோக வார்ப்படப் பட்டறையிலிருந்து வந்தது. பாட்டில் ஊதும்போது முதலில் தொங்கும் பிளாஸ்டிக் குழாய்க்குப் பாரிசன் என்று பெயர். அது கண்ணாடி ஊதுகிறவர்களின் சொல். எக்ஸ்ட்ரூஷனில் மேற்பரப்பு சொரசொரத்தால் சுறாத்தோல் என்கிறார்கள். பட்டறைப் பேச்சு அப்படியே பாடநூலுக்குள் ஏறியிருக்கிறது. நாம் அதைக் கலைச்சொல் என்று பயபக்தியோடு வாங்கி, எந்தத் தமிழ்ப் பட்டறைக்குள்ளும் எட்டிப் பார்க்காமல் மொழிபெயர்க்கிறோம்.

எட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும்? டையின் இரு பாதிகள் சேருமிடத்தில் கசிந்து படியும் மெல்லிய ஓரத்தை ஆங்கிலத்தில் ஃப்ளாஷ் என்பார்கள். எங்கள் யூனிட்டில் அது பிசிறு. உலோக வேலையில் முன்பே புழங்கிய சொல், பிளாஸ்டிக் வந்ததும் தானாக இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பிசிறு வெட்டும் அக்காமார்களிடம் அதற்குக் குழு அமைத்து யாரும் ஒப்புதல் வாங்கவில்லை. நைலானைக் காயவைக்காமல் போட்டால் பொருளின் மேல் வெள்ளிக் கீற்று ஓடும்; ‘ஈரம் அடிக்குது’ என்பார்கள். காரணமும் அறிகுறியும் ஒரே வினையில். ‘குழி விழுது’, ‘ஷாட் ரொம்பல’, ‘கருகுது’. பொருட்பெயரெல்லாம் ஆங்கிலமாகவும் நிகழ்வெல்லாம் தமிழாகவும் இருக்கிற மொழி அது. நம் அகராதிகள் பெயர்களை மாற்றுவதிலேயே குறியாக இருந்ததால், தமிழ் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த வினைகளைக் கவனிக்கவில்லை.

மறுசுழற்சி கலக்காத பிளாஸ்டிக்கை விர்ஜின் என்கிறது ஆங்கிலம். டையின் பாதிகளுக்கு ஆண், பெண் என்று பெயர். இந்தச் சொல்லாடலின் ஆண்மையம் பற்றித் தனியாகவே எழுதலாம். அக்காமார்கள் சொன்னது: புதுசு, அரைச்சது. அவ்வளவுதான்.

இதை வைத்துப் பட்டறை மொழியே போதும் என்று நான் முடித்துவிட்டால் அது வேறொரு புளகாங்கிதம். பி.வி.சி. தயாராகும் மூலமான வினைல் குளோரைடு ஒரு வாயு. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரப் பி.வி.சி. ஆலைத் தொழிலாளர்கள் அரிதான ஈரல் புற்றுநோயால் இறந்தது வெளியே வந்தது. அதன் பின்னர் அங்கே காற்றில் அனுமதிக்கப்பட்ட அளவு பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைக்கப்பட்டது. அந்த வாயு கண்ணை எரித்து எச்சரிக்காது. சாக்பீஸ் வரிக்கு அது எட்டாது. பலபடிக்கும் அதன் ஒற்றை அலகுக்கும் வேறுபாடு உண்டு, முன்னது குழாயாக வீட்டில் கிடக்கும், பின்னது ஈரலைத் தின்னும் என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைக் குழுதான் தர முடியும். ஒருமம் என்றோ ஒற்றைப்படி என்றோ வைக்கட்டும், ஆனால் பேரல் பக்கத்தில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வைக்கட்டும்.

சட்டமும் சொற்களின் மேல்தான் நிற்கிறது. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 41பி பிரிவு, அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகள் அதன் ஆபத்துகளைத் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 1948இன் அந்தச் சட்டம் போய் 2025 நவம்பரில் புதிய தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. என் போர்டு சம்பவம் பழைய சட்டத்தின் காலத்தது. இன்ஸ்பெக்டர் வந்திருந்தால் அதைப் பார்த்துத் திருப்தியோடு போயிருப்பார், தமிழில் இருக்கிறதே. புரியும் மொழியா என்று கேட்க அவரிடம் படிவம் இருந்திருக்காது.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். யூனிட்டில் இப்போது எட்டு மெஷின், ஆபரேட்டர்களில் பாதிக்கு மேல் ஒடிசாப் பையன்கள். பெரும்பாலோருக்குப் புரியும் மொழி எது என்ற கேள்விக்கு அங்கே இப்போது தமிழ் பதில் இல்லை. என் போர்டைக் காணோம். ஒரு பையன் குடத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒடியாவில் ஏதோ சொன்னான். அதில் எனக்கு விளங்கிய ஒரே சொல் பிசிறு.

அப்படி அங்கே புழங்கும் சொற்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை அறுபது சொச்சம் தேறியிருக்கிறது. கோவை, ஓசூர், மதுரைப் பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்கிற, செய்த தோழர்கள் தங்கள் சொற்களை இதழ் முகவரிக்கு அனுப்பலாம். பொருளை மட்டுமல்ல, எந்தச் சமயத்தில் யார் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.