தேவதர்ஷினி

தேவதர்ஷினி தமிழ்த் தொலைக்காட்சி, திரைப்பட நடிகை. ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தொடரின் இரண்டாம் பகுதி வழியாக நகைச்சுவை நடிகையாகப் பரவலாக அறியப்பட்டார். குடும்ப உரையாடலின் இயல்பிலிருந்து சிரிப்பை உருவாக்குவது இவரது நடிப்பின் தனித்தன்மை.

தொலைக்காட்சி

இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தேவதர்ஷினியின் தொடக்ககாலத் தொடர்களில் முக்கியமானது. ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த இத்தொடரில் உடன் நடித்த சேத்தனைப் பின்னர் மணந்தார். அது மர்மக்கதை. அவரது நகைச்சுவைத் திறன் வெளிப்பட்டது, அதே நாகாவின் இயக்கத்தில் 2001-ல் வந்த ‘ரமணி வெர்சஸ் ரமணி’ இரண்டாம் பகுதியில்தான். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த இத்தொடரில் அவருக்கு இணையாக நடித்தவர் பிருத்விராஜ் (பப்லு).

கணவன், மனைவி இருவருக்கும் ரமணி என்றே பெயர். வழக்கின் பெயரைப் போன்ற அந்தத் தலைப்பிலேயே தொடரின் அமைப்பு இருக்கிறது. இருவரும் வாதி, இருவரும் பிரதிவாதி. ஒருவர் நகைச்சுவை செய்ய மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு இதில் இல்லை. மனைவியின் பக்கத்திலும் நியாயம் உண்டு, அசட்டுத்தனமும் உண்டு. தான் சொல்வது வேடிக்கையானது என்பதே தெரியாதவரைப்போல, முழு நம்பிக்கையுடன் தேவதர்ஷினி பேசுவார். சிரிப்பு அங்கிருந்து வருகிறது.

திரைப்படம்

‘பார்த்திபன் கனவு’ (2003) படத்தில் விவேக்கின் மனைவியாக நடித்தார். ‘காஞ்சனா’ (2011) அவரைப் பெருந்திரளான ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது. அதில் ராகவா லாரன்ஸின் அண்ணி, கோவை சரளாவின் மருமகள். கோவை சரளா குரலாலும் உடலசைவாலும் காட்சியை நிறைப்பவர். அவருடன் போட்டியிட்டுக் கத்தாமல், மிரளும் கண்களாலும் சட்டென்று வரும் பதிலாலும் தேவதர்ஷினி தன் இடத்தைப் பிடித்தார். ‘96’ (2018) படத்தில் பள்ளித்தோழி சுபாஷிணியாக வந்தார். அப்பாத்திரத்தின் இளம்பருவத்தில் நடித்தவர் அவரது மகள் நியதி. ‘தி ஃபேமிலி மேன்’ இணையத்தொடரின் இரண்டாம் பருவத்தில் (2021) காவல் அதிகாரி உமையாளாக நடித்தார்.

மதிப்பீடு

தமிழ்த் திரையின் நகைச்சுவை நடிகைகள் பலருக்கும் உருவமோ, வட்டாரப் பேச்சோ, கணவனை அடிக்கும் மனைவி என்ற அச்சோதான் அளிக்கப்பட்டது. தேவதர்ஷினி இவை எதுவும் இல்லாமல் சிரிக்கவைத்தார். படித்த, நடுத்தர வர்க்க நகரத்துப் பெண் தன் வீட்டுக்குள்ளேயே நகைச்சுவையின் மையமாக இருக்க முடியும் என்று காட்டியது அவரது முதன்மைப் பங்களிப்பு.

ஆனால் திரைப்படம் அவருக்குப் பெரும்பாலும் அண்ணி, தோழி போன்ற துணைப்பாத்திரங்களையே தந்தது. அவற்றில் பதற்றம், மிரட்சி ஆகிய பாவனைகள் திரும்பத் திரும்ப வந்ததும் உண்மை. அதை நடிகையின் குறையாக மட்டும் கொள்ள முடியாது. ‘ரமணி வெர்சஸ் ரமணி’யில் அவருக்குச் சரிசமமாக எழுதப்பட்ட வசனம் இருந்தது. பின்னர் அத்தகைய எழுத்து தொலைக்காட்சியிலேயே அருகிப்போனது. நெடுந்தொடர்கள் கண்ணீரை எடுத்துக்கொண்டன. நகைச்சுவை பெருமளவு போட்டி மேடைகளுக்கும், பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் படமாக்கப்படும் ‘பிக் பாஸ்’ போன்ற நிகழ்ச்சிகளுக்கும் இடம்பெயர்ந்தது. அங்கே நொடியில் தோன்றும் வேடிக்கை உண்டு, பாத்திரம் இல்லை.

சிறிய வேடங்களிலும் தேவதர்ஷினி நினைவில் நிற்பது அவரது திறமைக்குச் சான்று. அவருக்கு இணையான இன்னொரு ரமணி எழுதப்படாதது தமிழ் நகைச்சுவையின் இழப்பு.