நாணம் என்னும் சொல்

நம் கதைகளில் நாணம் என்றதும் ஒரு பெண் தலை கவிழ்கிறாள். கால்விரல் தரையில் கோலமிடுகிறது. சொல்லின் பொருள் இவ்வளவுதானா?

நாணுடைமையைக் குடியியலில் வைத்த வள்ளுவர், தகாத செயலுக்குக் கூசுவதே நாணம், மகளிரின் கூச்சம் வேறு என்று அவ்வதிகாரத்தின் முதற்குறளிலேயே பிரித்துவிடுகிறார்.

அரபியில் இதற்கு நெருங்கிய சொல் ‘ஹயா’. அதனை ஈமானின் ஒரு கிளை என்று மொழிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆண், பெண் எனப் பிரிக்கவில்லை. கன்னியரினும் மிகுந்த ஹயா உடையவர்கள் எனப் பெருமானாரையே தோழர் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வருணிக்கிறார்.

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்தில், மத்யன் நகரப் பெண்ணொருவர் மூஸா (அலை) அவர்களிடம் நாணத்துடன் நடந்து வருகிறார். தந்தையின் அழைப்பையோ தெளிவாகச் சொல்கிறார். நாணம் அவர் வாயைக் கட்டிவிடவில்லை. அவ்விரு சகோதரியரில் ஒருவரே, மூஸா நபியைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தைக்கு யோசனையும் கூறுகிறார்.

எனவே, பேசாமையை நாணமென்று எழுதுவது சொல்லுக்கும் பெண்ணுக்கும் இழைக்கும் அநீதி என்போம். மணமகள் நாணினாள் என்றெழுதும் பேனா, கைக்கூலியை எண்ணி வாங்கும் மணமகன் நாணவில்லை என்பதையும் எழுதட்டும்.