யார் கூற்று?

உயர்தர வகுப்பில் அகப்பாடல் ஒன்றைத் தொடங்கும்போது நான் பிள்ளைகளிடம் கேட்கும் முதற் கேள்வி, "இது யார் கூற்று?" என்பதுதான். பேசுவது தலைவியா, தோழியா, கண்டோரா என்று தெரியாமல் பொருள் சொல்லப் போனால் பாட்டே பிழைத்துவிடும். பாத்திரத்தின் பேச்சைப் புலவரின் தலையில் கட்டிவிடுவோம். பரீட்சையில் இந்தப் பிழைக்கு இரண்டொரு புள்ளிதான் போகும். வெளியிலே ஓர் இளங்கவிஞனின் பத்தொன்பது மாதம் போனது.

மன்னாரமுது அஹ்னாப்பின் 'நவரசம்' 2017இல் வெளிவந்த கவிதைத் தொகுதி. என்னைப் போலவே தமிழ் படிப்பித்தவர் அவர். 2020 மே 16ஆந் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். தீவிரவாதத்தைப் பரப்பும் நூல் என்றார்கள். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

நூலைப் புரட்டினவர்களுக்குத் தெரியும், வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கும் கவிதைகள் அதில் உண்டு. தலைப்பே ஒன்பது சுவைகளைச் சொல்கிறது. தொல்காப்பியர் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியும் ஒன்று. வெகுளியைப் பாடினவன் ஆயுதம் தூக்கினவன் ஆகமாட்டான். இவை நல்ல கவிதைகளா என்பது வேறு விவாதம். அந்த விவாதம் இதைப் போன்ற சஞ்சிகைகளில் நடந்திருக்க வேண்டும். நடந்தது விசாரணை அறையில்.

அப்போது ஊடகங்கள் என்ன செய்தன? பொலிஸ் தரப்புச் சொன்னதைச் சொன்னபடியே போட்டவைதான் அதிகம். நூலை வாசித்துவிட்டு எழுதினவர்கள் சொற்பம். எங்கள் செய்தித் தமிழில் 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது', 'தெரியவருகிறது' என்று சில வினைகள் உண்டு. கூறியவர் யார், நம்பியவர் யார் என்று தேடினால் வாக்கியத்தில் ஆளே இல்லை. பொய் சொன்ன பழி யாருக்கும் வராமல் பொய்யை அச்சேற்ற இதைவிட வசதியான இலக்கணம் கிடையாது.

2019 மே 23ஆந் திகதி சிங்கள நாளிதழ் ஒன்றின் முதற்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்றது அது. அந்த 4,000 யார் கூற்று? எண்ணினவர் யார்? மறுநாள் குருநாகலில் டாக்டர் ஷாபி கைதானார். ஆதாரம் கிடைக்கவில்லை என்று சில வாரங்களில் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. தலைப்பு ஊரெல்லாம் ஓடியது. இந்தச் செய்தி நொண்டி நொண்டித்தான் வந்தது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நடந்ததென்று அழுவதும் நியாயமில்லை. அதே 2019 ஏப்ரலில், ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைதாகி நாலு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். கதையில் வந்ததை அவருடைய தலையில்தான் கட்டினார்கள்.

சரி, நம்ம பக்கம் சுத்தமா? 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் மிரட்டப்பட்டு, ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. அவருடைய கருத்தோடு உடன்படத் தேவையில்லை. ஆனால் பேட்டியை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசினவர்கள் எத்தனை பேர்? யாரோ சொன்னதை யாரோ சொல்ல, அதுவே அவருடைய கூற்றாகிப் போனது. கேட்காமலே தலையாட்டினவர்களில் நானும் ஒருத்தன்.

1882இல் சித்தி லெவ்வை 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய சமூகம் இது. பத்திரிகையின் அருமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'நவரசம்' என்னிடம் ஒரு பிரதி இருந்தது. 2020இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். "கிதாபையே மறைச்சி வைக்கிற காலம் மகன், ஒனக்கு இது என்னத்துக்கு?" என்றார் உம்மா. தாளை மடித்து, புத்தகத்தோடு ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். எந்தத் தணிக்கை அதிகாரியும் என் வீட்டுக்கு வரவில்லை, எந்த ஆசிரியரும் என் கட்டுரையைத் திருப்பியனுப்பவில்லை. அடுத்த நாள் வகுப்புக்குப் போய் வழமைபோல "யார் கூற்று?" என்று கேட்டேன்.

தீர்ப்பு வந்த பிறகுதான் பையை இறக்கினேன். நீதிமன்றம் 'பயமில்லை' என்று சொன்ன பின்னால் எழுதுவதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை, தெரியும். அடுத்த நூல் பிடிபடும்போதாவது, பத்திரிகைக்காரர் சொன்னவரின் பெயரைப் போடட்டும். தமிழ் படித்த நாம் முதலில் நூலை வாசித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுவோம். அன்றைக்கு எழுதிய அந்த இரண்டு பக்கத்திலிருந்துதான் இந்தக் கட்டுரையின் பாதி வந்திருக்கிறது.