வலமும் இடமும்

1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் 79 பகுதிகளாக ஒளியேறிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரை டிவிடி வட்டுகளில் மீண்டும் பார்க்குங்கால், காட்சிச் சோடனையின் ஏழ்மையே முதலில் கண்ணை உறுத்துகிறது. 1969 ஜனவரியில் வந்த 'அதுவே உன் இறுதிப் போர்க்களமாகட்டும்' என்ற பகுதியில், துரத்தி வருபவனின் விண்கலம் கண்ணுக்கே தெரியாதாம். சிக்கனத்துக்கு இதனினும் நல்ல உபாயம் ஏது!

ஆயினும் அப்பகுதியை ஒதுக்க இயலவில்லை. லோகாய் என்பானை ஐம்பதாயிரம் ஆண்டுகளாகத் துரத்துகிறான் பீல். இருவர் முகமும் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. லோகாய் தாழ்ந்த இனத்தவன் என்கிறான் பீல். வேற்றுமை யாதெனக் கலத்தலைவர் கெர்க்குக்கு விளங்கவில்லை. தனக்கு வலப்பக்கம் கறுப்பு, அவனுக்கு வலப்பக்கம் வெளுப்பு என்று பீல் வெகுண்டு காட்டுகிறான்.

வட்டைப் பின்னோக்கி ஓட்டினேன். முந்திய காட்சிகளிலும் இருவரும் சேர்ந்தே நிற்கிறார்கள். நானும் அதனைக் கண்டிலேன். பேருரைகள் செய்ய மாட்டாததை அந்த ஒரு நொடி செய்துவிடுகிறது. இடையில், கலத்தை வெடிக்கவைக்கக் குறியீடுகளை ஒப்பிக்கும் காட்சி வீண் நீட்டிப்பு.

இறுதியில், தம் இனங்கள் இரண்டும் போரில் அழிந்த செய்தியறிந்த பின்னும் அவ்விருவரும் துரத்தி ஓடுகிறார்கள். அவர்கள்மீது எரியும் நகரங்களின் படம் படிகிறது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். கலத்தில் இருப்பவர்களோ (நம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் உள்ள நோய்தான்) அதற்கும் பொருள் சொல்லித்தான் முடிக்கிறார்கள்.