பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்

ஆல்பர்ட் ஹாஃப்மனின் சைக்கிள் பயணம் டி-ஷர்ட் வரைக்கும் வந்துவிட்டது. 1943 ஏப்ரல் 19, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். ரொம்பக் குறைந்த அளவுதான் என்று நினைத்து 250 மைக்ரோகிராம் எல்எஸ்டியை விழுங்குகிறார். கொஞ்ச நேரத்தில் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதவே கை வரவில்லை. யுத்த காலம், கார் கிடையாது, சைக்கிளில் வீடு திரும்புகிறார். பின்னாளில் எழுதிய 'எல்எஸ்டி: மை பிராப்ளம் சைல்ட்' நூலில் இதெல்லாம் இருக்கிறது. வாசகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது நெளிகிற சாலையையும், பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மா சூனியக்காரியாகத் தெரிந்ததையும்தான்.

எனக்கு முக்கியமாகப்படுவது அங்கேயே இருக்கிற ஒரு சின்னத் தகவல். சைக்கிள் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை என்று ஹாஃப்மனுக்குத் தோன்றியது. வேகமாகத்தான் வந்தோம் என்று கூட வந்த ஆய்வக உதவியாளர் பிறகு சொன்னார். அந்தப் பெண் சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கு சைக்கிள் ஓடியதா என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அவர் பெயர் சூசி ராம்ஸ்டைன். டி-ஷர்ட்டில் அவர் இல்லை.

சைகடெலிக் எழுத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். புத்தகத்தை எடுத்ததும் தேடுவது ஒன்றுதான்: அந்த அறையில் இன்னொருத்தர் இருந்தாரா? கேட்பது பாதுகாப்புக்காக மட்டும் கிடையாது, அது இலக்கியக் கேள்வியும்கூட. இந்த மருந்துகள் ஒரு பொருளின் நிறத்தை மாற்றுவதைவிட அதன் முக்கியத்துவத்தை ஊதிப் பெரிதாக்குகின்றன. வில்லியம் ஜேம்ஸ் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகர்ந்தார். அந்த நிலையில் பிரபஞ்ச ரகசியமாகத் தெரிந்ததையெல்லாம் தாள் தாளாக எழுதி வைத்தார். தெளிந்த பிறகு பார்த்தால் அத்தனையும் பிதற்றல். 1882இல் அதை அப்படியே ஒப்புக்கொண்டு அச்சிட்டார். அந்த நேர்மை பிறகு வந்த பலரிடம் இல்லை.

ஆல்டஸ் ஹக்ஸ்லியிடம் பாதி இருக்கிறது. 1953 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் 0.4 கிராம் மெஸ்கலின் சாப்பிடுகிறார். மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் பக்கத்தில் இருக்கிறார், மனைவி மரியா இருக்கிறார், பேச்சைப் பதிவுசெய்ய ஒரு இயந்திரமும் ஓடுகிறது. அடுத்த வருஷம் வந்த 'த டோர்ஸ் ஆஃப் பர்செப்ஷன்' புத்தகத்தில் பூங்கொத்தையும் நாற்காலிக் காலையும் கால்சட்டை மடிப்பையும் அவர் பார்க்கிற பக்கங்கள் இன்றைக்கும் அபாரம். ஆனால் நான் நிற்கும் இடம் வேறு. ஒரு கட்டத்தில் பயம் எட்டிப்பார்க்கிறது. பைத்தியம் என்றால் என்னவென்று இப்போது புரிகிறது என்கிறார். திபெத்திய இறந்தோர் நூல் சொல்கிற அந்தத் தெளிந்த ஒளியில் மனதை நிறுத்த முடியுமா என்று மனைவி கேட்கிறார். யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தால் முடியலாம், தனியாக முடியாது என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

புத்தகத்தின் உச்சம் அங்கேதான் என்பது என் கட்சி. ஹக்ஸ்லிக்கு அப்படித் தோன்றவில்லை போல. பிற்பகுதியில் மேடை ஏறிவிடுகிறார். மனிதகுலத்துக்கு மதுவையும் புகையையும்விட நல்ல கதவு ஒன்று வேண்டும் என்று நீளமாகப் பேசுகிறார். மஞ்சள் காமாலை வந்தவர்கள், அடிக்கடி மனச்சோர்வில் விழுகிறவர்கள், தீராத பதற்றம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்கிறார்தான், ஆனால் போகிறபோக்கில். நல்ல ஆசிரியர் யாராவது அந்த வரியைத் தூக்கி முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி? உட்ரெக்ட்டில் படித்தபோது ஒருமுறை நண்பனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். நெதர்லாந்தில் சைலோசைபின் காளானுக்கு 2008 டிசம்பரிலிருந்து தடை. அதே இனத்தின் மண்ணுக்கடிக் கட்டியை ட்ரஃபிள் என்ற பெயரில் கடையில் விற்கிறார்கள். (நம்மூரில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி சைலோசைபின் வைத்திருந்தாலே குற்றம். ஆம்ஸ்டர்டாம் வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்பும் தம்பிகள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.) வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்ததா, லித்தியம் மாதிரி மருந்து ஏதாவது எடுக்கிறாயா, இதயக் கோளாறு உண்டா என்று ஒரு வாரம் முன்னாலேயே அவனை நச்சரித்தேன். "மச்சான், நீ என்ன எல்ஐசி ஏஜென்டா?" என்றான். அன்றைக்கு அவன் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பால்கனிக் கதவைப் பூட்டினேன். ஆரஞ்சு உரித்தேன்.

அடுத்த ஆறு மணி நேரம் போல சலிப்பான நேரம் என் வாழ்க்கையில் குறைவு. என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: 3:40, ஜன்னல் திரையைப் பார்த்து அழுகிறான். 4:10, பாத்ரூம். 4:25, அம்மா போன் பண்ணாங்களா என்று கேட்டான். 4:31, மறுபடி அதே கேள்வி. 4:40, "டேய், இது முடிஞ்சிருமாடா?" முடிஞ்சிரும்டா என்றேன். மறுநாள் அவன் சொன்ன கதையில் அண்டவெளியும் தங்க நிற நதியும் இருந்தன. அம்மா இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குள் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் நான் 4:25ஐத்தான் காட்டுவேன்.

பிறகு ஒருநாள் அவன் உட்கார்ந்தான், நான் சாப்பிட்டேன். அதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு வரிகூடத் தேறவில்லை. எல்லாரும் எழுதிய அதே வடிவங்கள், அதே அழுகை. தெளிவாக நினைவிருப்பது அவன் குரல் மட்டும்: "இன்னும் ஒரு மணி நேரம்தான், தண்ணி குடி."

மைக்கேல் போலனின் 'ஹவ் டு சேஞ்ச் யுவர் மைண்ட்' (2018) இந்த விஷயத்தில் ஒழுங்கான புத்தகம். தன் இதயத் துடிப்புப் பிரச்சினைக்காக முதலில் இதய மருத்துவரைக் கேட்கிறார், வழிகாட்டிகளைத் தேடிப் போகிறார், கிடைத்த அனுபவத்தைச் சந்தேகிக்கவும் செய்கிறார். ஆனால் அந்த வழிகாட்டிகள் அவர் கதையில் உதவியாளர்களாகவே நின்றுவிடுகிறார்கள். எதிரே ஒருத்தன் நெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய மதியம் எப்படிப் போனது என்று நமக்குத் தெரிவதில்லை.

அந்த மதியத்தை எழுதியவர் ஒருவர் உண்டு, லாரா ஹக்ஸ்லி. மரியா 1955இல் புற்றுநோயால் இறந்தபோது ஆல்டஸ் பக்கத்தில் இருந்து அந்த ஒளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1963 நவம்பர் 22 அன்று அவர் முறை வந்தது. பேச முடியாமல், எல்எஸ்டி வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டினார். இரண்டாவது மனைவி லாரா 100 மைக்ரோகிராம் ஊசி போட்டார், பிறகு இன்னொன்று. அதே வீட்டில் டிவியில் கென்னடி சுடப்பட்ட செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் 'திஸ் டைம்லெஸ் மொமன்ட்' (1968) நூலில் லாரா பதிவு செய்திருக்கிறார். ஆல்டஸ் அன்று என்ன பார்த்தார் என்பது அதில் இல்லை, இருக்கவும் முடியாது. லாரா காதருகே பேசிக்கொண்டே இருக்கிறார். கேட்கிறதா என்று ஒருமுறை விசாரிக்கிறார். அவர் கையை அழுத்துகிறார்.