கிளட்ச் ஒயரும் கிளச் கேபிளும்

போன டிசம்பரில் கண் ஆபரேஷனுக்காக யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து பெங்களூர் வந்திருந்தார் என் மனைவியின் சித்தப்பா; எனக்கு மாமா. வந்த மறுநாள் காலை, வாசலில் நின்ற என் பஜாஜ் சிடி 100-இன் கிளட்ச் லிவரை ஒரு தடவை பிடித்து விட்டுப் பார்த்தார்.

"தம்பி, உதுக்கு எண்ணெய் விட்டு எவ்வளவு காலம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. செயினுக்கு எண்ணெய் விடுவேன். ஒயருக்கும் விடலாம் என்பதே என் நினைப்பில் இருந்ததில்லை. எங்கள் மர்பி டவுனில் லிவர் கனத்துப் போனால் மெக்கானிக் கடைக்குப் போவோம். அவர் ஒரு இழு இழுத்துவிட்டு, "ஒயர் போயிடுச்சு சார், புதுசே போட்டுடலாம்" என்பார். அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய். கழற்றிய ஒயர் கடை ஓரத்தில் மற்ற ஒயர்களோடு சுருண்டு கிடக்கும். நாங்கள் "ஒயர்" என்பதை மாமா "கேபிள்" என்பார். எங்கள் மெக்கானிக் கடை அவருக்குக் "கராஜ்", என் சிடி 100 அவர் வாயில் "சீரீ 100". பொருள் ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ளும் முறைதான் வேறு.

அன்று மாலை கடை ஓரத்தில் கிடந்த பழைய கிளட்ச் ஒயர் ஒன்றை மெக்கானிக்கிடம் கேட்டு எடுத்து வந்தார் மாமா. உள்கம்பியை இரு முனையிலும் பிடித்து இழுத்தார். கரகரவென்று போனது. கம்பி முனைக் குமிழான நிப்பிள் பக்கத்தில் நகத்தால் தடவி, இழை ஏதும் அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுகூட அறவில்லை. "உது பழுதாகேல்லை, காஞ்சு போச்சு. அவ்வளவுதான்" என்றார்.

காலியான நந்தினி பால் கவரைக் கழுவித் துடைத்து, மூலையில் சின்னதாய் ஒரு வெட்டு. அந்தத் துளைக்குள் ஒயரின் மேல்முனையை நுழைத்து, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, கவருக்குள் இரண்டு மூடி தையல் மெஷின் எண்ணெய். உள்கம்பியை மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு தடவை ஆட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலையில் கீழே விரித்திருந்த பேப்பரில் முதலில் விழுந்த சொட்டுகள் மை போல் கறுத்திருந்தன, பிறகு விழுந்தவை துருவின் பழுப்பு, கடைசியாக விழுந்தவை தெளிந்த எண்ணெய். இப்போது இழுத்தால் சத்தமே இல்லை.

இந்த ஒயரின் சூட்சுமம் எளிமையானது. 1896-இல் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. உள்ளே முறுக்கிய எஃகு இழைகள், வெளியே சுருள்கம்பி உறை. உள்கம்பி இழுபடும்போது உறை அமுங்காமல் எதிர்விசையைத் தாங்கி நிற்கிறது. அதனால்தான் ஹேண்டில்பாரிலிருந்து வளைந்து நெளிந்து எஞ்சின் வரை போனாலும் விரலின் அசைவு அப்படியே போய்ச் சேருகிறது. உறைக்குள் தூசியும் துருவும் சேர்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் கம்பி உரசும், லிவர் கனக்கும். ஒயர் அறுவது பெரும்பாலும் லிவருக்குள் இருக்கும் நிப்பிளின் கழுத்தில்தான். அந்த உருளை லிவரோடு சேர்ந்து திரும்ப வேண்டும். காய்ந்து இறுகித் திரும்பாமல் நின்றுவிட்டால் ஒவ்வொரு பிடியிலும் கம்பி அதே இடத்தில் மடிந்து நிமிரும். அங்கே குண்டுமணி அளவு கிரீஸ் வைத்தால் போதும். எத்தனையோ ஒயர்கள் இந்தத் துளி கிரீஸ் இல்லாமல்தான் அறுகின்றன.

மாமா இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல. 1990-இல் யுத்தம் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. பெட்ரோலைச் சில துளி கார்புரேட்டருக்குள் பீச்சி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. மாமாவிடம் ஒரு ஹொண்டா சிஜி 125 இருந்தது. கேபிள் அறுந்தால் வாங்கக் கடையில் கேபிள் கிடையாது. சைக்கிள் பிறேக் கேபிளின் உள்கம்பியை அளவுக்கு வெட்டி, முனையில் ஈயம் உருக்கி ஊற்றிக் குமிழ் செய்து போட்டிருக்கிறார். அது கிளச்சின் இழுவைக்கு நெடுநாள் தாங்காது. ஆகவே இருக்கிற கேபிளை அறவிடாமல் வைத்திருப்பதே ஒரே வழி. மாதம் ஒரு தடவை எண்ணெய். கடற்காற்றின் உப்பு வேறு அந்த ஊரில் இரும்பைத் தின்றுவிடும்.

அப்போது தேங்காய் எண்ணெயும் விட்டதுண்டாம். இங்கே டிசம்பர் காலையில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளைக் கட்டியாக நிற்பதை மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். யாழ்ப்பாணத்தில் இரவுக் குளிர் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. எங்கள் ஊரிலோ டிசம்பர் இரவு 15, 16-க்கு இறங்கும். அங்கே ஆபத்துக்கு உதவிய எண்ணெய் இங்கே ஆக்சிலேட்டர் ஒயரை இறுக்கிவிடும். எந்த ஊரானாலும் நாளாக ஆகத் தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும். மெல்லிய மெஷின் எண்ணெய்தான் சரி. இப்போது வரும் பல ஒயர்களில் உறைக்குள் நைலான் குழல் இருக்கிறது. அவற்றில் கெட்டி கிரீஸை அடைக்கவே கூடாது.

எண்ணெய் விட்ட கையோடு அட்ஜஸ்ட்மென்ட். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் வழக்கம் நேர் தப்பு என்றே சொல்வேன். அல்சூரிலிருந்து சில்க் போர்டு போவதற்குள் கிளட்சை எத்தனை நூறு தடவை பிடிக்கிறோமோ தெரியாது. பிடித்ததும் கேட்க வேண்டும் என்று, "டைட்டா வைங்கண்ணா" என்போம். மெக்கானிக்கும் ப்ளே என்கிற வெறும் அசைவே இல்லாமல் முறுக்கிக் கொடுத்துவிடுவார். அப்போது லிவரை விட்டாலும் கிளட்ச் முழுதாகச் சேராது. பிளேட் வழுக்கும், தேயும். தேயத் தேய இருந்த கொஞ்ச ப்ளேயும் குறையும். வண்டி கத்தும், ஓடாது. லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெறும் அசைவு இருக்க வேண்டும். மாமாவின் அளவுகோல் வேறு: லிவரின் அடியில் பழைய அஞ்சு ரூபாக் குத்தி ஒன்று புகுந்து வரவேண்டும். குத்தி என்றால் நாணயம். நம் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது.

ஆக்சிலேட்டரில் மட்டும் மாமா கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் விட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பச் சொன்னார். சத்தம் ஏறினால் ஒயர் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். பிடியை முறுக்கி விட்டால் தானாகச் சுண்டித் திரும்ப வேண்டும். திரும்பாத வண்டியை அவர் தெருவில் இறக்க விடமாட்டார்.

எனக்கு மனசில் தைத்தது வேறொன்று. 1985-இல் இதே பெங்களூரில் தொடங்கி, டிவிஎஸ்ஸுக்குக் கேபிள் செய்து கொடுத்து வளர்ந்த சுப்ரஜித் எஞ்சினியரிங் இன்று உலகின் பெரிய கேபிள் கம்பெனிகளில் ஒன்று. அந்தக் கம்பெனி இருக்கும் பொம்மசந்திரா எங்களிடமிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஜே.சி. ரோட்டில் எந்த வண்டிக்கும் ஒயர் கிடைக்கும். கிடைக்கிறது என்பதாலேயே அதற்கு இங்கே மதிப்பில்லை. பஜாஜும் டிவிஎஸ்ஸும் ஓடும் இலங்கையிலோ அதே ஒயர் கடல் தாண்டி, வரி தாண்டி, கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கு வர வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. நடுவில் 2022-இல் பைக்குக்கு வாரம் 4 லிட்டர் என்று கியூஆர் அட்டையில் பெட்ரோல் அளந்தார்கள். இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவது அங்கே மறுபடியும் வீட்டு வேலையாகிவிட்டது.

இங்கேயும் அந்தக் கைப்பழக்கம் இல்லாமல் போகவில்லை. மைசூர் ஐடியல் ஜாவா பைக் கம்பெனி 1996-இல் மூடியது. அந்த வண்டிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று பெங்களூரில் கூடுவார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும் ஒயருக்கு எண்ணெய் விடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கம்பெனி மூடியதே அவர்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது.

ஊருக்குத் திரும்பும் முன் மாமா மெக்கானிக் கடை ஓரத்திலிருந்து மேலும் மூன்று ஒயர்களைக் கேட்டு வாங்கினார். மெக்கானிக் காசு வாங்கவில்லை. மூன்றும் இரண்டு இரவு எங்கள் ஜன்னலில் தொங்கின. துடைத்து, சுருட்டி, பழைய வேட்டித் துண்டில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். போன வாரம் போன் செய்தபோது, அதில் ஒன்று பக்கத்து வீட்டுப் பெடியனின் சீரீ 100-இல் ஓடுகிறது என்றார்.